சேவலின் மூலத்தை எதைக் கொண்டு அறிவது: கண்ணா, ஏடா, குஞ்சா, ஆய்வகமா?

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். கோழி இனப்பெருக்கத்தில் அந்த அறிவுரை செல்லாது. பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்று விட்டு வளர்ப்பவரின் கூட்டில், அடுத்த ஆண்டு பொரிக்கும் ஒவ்வொரு குஞ்சும் தன் மரபணுக்களில் பாதியை அந்த ஒரே சேவலிடமிருந்து பெறுகிறது. ஒரு பெட்டையின் குறை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக் குஞ்சுகளோடு நின்றுவிடும். சேவலின் குறையோ கூட்டம் முழுவதிலும் பரவிவிடும். ஆகவே இனத்தூய்மை பற்றிய கேள்வி நடைமுறையில் பெரும்பாலும் ஒரு சேவலின் முன்னால் நின்றுகொண்டு கேட்கும் கேள்வியாகவே இருக்கிறது: இதை வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா?

அந்த முடிவுக்கு வர நான்கு வழிகள் உள்ளன. பறவையின் உடலமைப்பை அந்த இனத்துக்கான தரவரையறையோடு ஒப்பிட்டுக் கண்ணால் தீர்மானிக்கலாம். அதன் தாய் தந்தை யார், பாட்டன் பாட்டி யார் என்று எழுதி வைத்த பதிவேட்டை நம்பலாம். குணம் தெரிந்த பெட்டைகளோடு சேர்த்துவிட்டு, பொரிக்கும் குஞ்சுகளைப் பார்த்து முடிவு செய்யலாம். ஓர் இறகையோ ஒரு துளி இரத்தத்தையோ ஆய்வகத்துக்கு அனுப்பி டி.என்.ஏ. சோதனை செய்துகொள்ளலாம். இந்த நான்கில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதால்தான் வளர்ப்பாளர்களிடையே சச்சரவு எழுகிறது. ஏனெனில் ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது. இந்தப் பறவை அந்த இனத்தைப் போல இருக்கிறதா என்பதைக் கண் சொல்லும். அந்த இனத்திலிருந்து வந்ததா என்பதை ஏடு சொல்லும். அந்த இனத்தையே திரும்பத் தருமா என்பதைக் குஞ்சு சொல்லும். ஆய்வகம், நாம் எதைக் கேட்டோமோ அதை மட்டும் சொல்லும்.

என் சார்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விற்பவர் கையில் ஏந்திக் காட்டும் சேவலைவிட, அதே ஈட்டில் பொரித்து, பிடிக்கவில்லை என்று அவர் பின்கட்டில் ஒதுக்கி வைத்திருக்கும் உடன்பிறப்புகளே எனக்கு அதிகம் சொல்லியிருக்கின்றன. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்த அனுபவத்தின் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும்.

முதலில் தூய்மை என்ற சொல்லையே ஒருமுறை உரைத்துப் பார்க்க வேண்டும். ஆர்பிங்டன் என்று இன்று நாம் தனி இனமாக மதிக்கும் கோழி, 1886-ஆம் ஆண்டில் வில்லியம் குக் என்பவர் இங்கிலாந்தில் மினோர்கா, லாங்ஷான், பிளைமவுத் ராக் ஆகிய கோழி இனங்களைக் கலந்து உருவாக்கியது. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் பல இனங்களில் காணப்படும் மஞ்சள் தோலுக்கான மரபணு அதிலிருந்து வரவில்லை, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. மஞ்சள் காலைச் சுட்டிக்காட்டிக் கலப்பே இல்லாத இனம் என்று பெருமைப்படுகிறவர், பழைய கலப்பு ஒன்றின் தடயத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறார். கோழிகளுக்கான எழுத்துவடிவத் தரவரையறை பிரிட்டனில் 1865-இலும் அமெரிக்காவில் 1874-இலும்தான் முதன்முதலாக அச்சானது. எனவே இனத்தூய்மை என்பதை, ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் பின் வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், தன்னைப் போன்ற குஞ்சுகளையே தரும்படி பராமரிக்கப்பட்ட கூட்டம் என்ற அளவில் மட்டுமே பொருள்கொள்ள முடியும். ஆதியிலிருந்தே கலவாத குருதி என்ற பொருளில் அதைத் தேடுகிறவருக்கு எந்தச் சோதனையும் உதவாது.

கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும் முறை மிகப் பழையது, செலவில்லாதது, அதே அளவுக்கு ஏமாற்றக்கூடியது. கால் வழுவழுப்பாக இருக்க வேண்டிய இனத்தில், கணைக்காலின் வெளிப்பக்கத்திலோ விரல்களுக்கு இடையிலோ சிறு இறகு முளைத்திருந்தால், இறகுக்கால் இனம் ஒன்று எப்போதோ உள்ளே வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். செதில்களுக்கு நடுவே மயிர்போல நிற்கும் அந்தத் துணுக்கை, விற்பனைக்கு முன்பே பிடுங்கி எறிந்துவிடுவார்கள். ஆகவே காலைப் பார்ப்பதோடு நிற்காமல் விரல்நுனியால் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்க்க வேண்டும், பிடுங்கிய இடத்தில் சிறு குழி தட்டுப்படும். காது மடலின் நிறம், கொண்டையின் பக்கவாட்டில் கிளைக்கும் முள், விரல்களின் எண்ணிக்கை, தோலின் நிறம் ஆகியவையும் இவ்வாறே பேசும். ஓங்கு பண்பாக, அதாவது ஒரே ஒரு மரபணு இருந்தாலே தெரியும் பண்பாக, வரும் குறைகள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடுவதால், ஒரு பறவையை வேண்டாம் என்று தள்ளுவதற்குக் கண் நல்ல கருவி. ஏற்றுக்கொள்வதற்கு அது போதாது. ஓங்கு பண்புகளிலும் விதிவிலக்கு உண்டு: ஐந்தாம் விரல் ஓங்கு பண்பே என்றாலும், அதற்கான மரபணுவைச் சுமக்கும் சில பறவைகள் நான்கு விரலோடுதான் நடமாடும்.

வெள்ளை நிறம் கண்ணைக் கட்டும் திரை. வெள்ளை லெக்ஹார்னில் இருக்கும் ஓங்கு வெள்ளை, தன் அடியில் இருக்கும் கறுப்பை மூடிவிடும். வெள்ளைப் பிளைமவுத் ராக்கில் இருக்கும் ஒடுங்கு வெள்ளை, அதாவது மரபணு இரட்டையாக வந்தால் மட்டுமே தெரியும் வெள்ளை, தன் அடியில் வேறு எந்த நிறத்துக்கான மரபணு இருந்தாலும் மூடிவிடும். வெள்ளைச் சேவலை வண்ணப் பெட்டையோடு சேர்த்த பிறகு வரும் குஞ்சுகளைப் பார்த்துத் திகைப்பவர்கள் அந்தச் சேவலைக் கலப்பு என்று திட்டுவதுண்டு. திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை யாரும் அதுவரை பார்த்ததில்லை என்பதே உண்மை. போதாக்குறைக்கு, எந்தத் தரவரையறையோடு ஒப்பிடுகிறோம் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அரௌகானா அமெரிக்க வரையறையில் வாலில்லாத பறவை, பிரிட்டிஷ் வரையறையில் வாலுள்ள பறவை. மரான் பிரெஞ்சு மரபில் காலில் இலேசாக இறகு தாங்கியது, பிரிட்டிஷ் மரபில் வெறுங்காலுடையது. ஓரிடத்தில் தூய்மைக்குச் சான்றாவது இன்னோரிடத்தில் குறையாகிறது என்பதால், பறவை எந்த மரபிலிருந்து வந்தது என்று கேட்டறியாமல் கண் தீர்ப்பு வழங்கக் கூடாது.

கண்ணின் போதாமையை, தலையோடு ஒட்டித் தட்டையாகப் படர்ந்த ரோஜாக் கொண்டையைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டாது. 1883-இல் அமெரிக்கத் தரவரையறையில் இடம்பெற்ற வயண்டாட் இனத்துக்கு ரோஜாக் கொண்டைதான் இலக்கணம். அந்தக் கொண்டை ஓங்கு பண்பு, ரம்பம்போல் நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கொண்டை ஒடுங்கு பண்பு. இரண்டு நல்ல ரோஜாக் கொண்டைப் பறவைகளுக்குப் பிறந்த குஞ்சுகளில் திடீரென்று ஒன்று ஒற்றைக் கொண்டையோடு எழுந்து நின்றால், கலப்படம் செய்துவிட்டார்கள் என்ற கூச்சல்தான் முதலில் எழும். ஆனால் இரட்டை ரோஜா மரபணு உடைய சேவலின் விந்தணுக்கள் வலுக்குறைந்தவை. ஒன்று ரோஜாவாகவும் மற்றொன்று ஒற்றையாகவும் சுமக்கும் சேவல் அதைவிடக் கருத்தரிப்பில் சிறந்தது. அதிகக் குஞ்சு தரும் சேவலை வளர்ப்பாளர்கள் விரும்பி வைத்துக்கொள்வதால், ஒற்றைக் கொண்டைக்கான மரபணு நல்ல வம்சங்களிலும் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்கிறது. இங்கே ஒற்றைக் கொண்டைக் குஞ்சு கலப்புக்கான சான்றே அல்ல.

ஒளிந்திருக்கும் அளவும் நாம் நினைப்பதைவிட அதிகம். ஒரு கூட்டத்தில் நூறு குஞ்சுக்கு ஒன்று ஒற்றைக் கொண்டையோடு பொரிக்கிறது என்றால், அம்மரபணுவை வெளியே காட்டாமல் சுமப்பவை நூற்றுக்குச் சுமார் 18 இருக்கும். வெளியே தெரியும் அந்த ஒன்றை மட்டும் தலைமுறைதோறும் கழித்துக்கொண்டு வந்தால், மரபணுவின் அளவு பாதியாகக் குறையவே பத்துத் தலைமுறை ஆகும். கண்ணை மட்டுமே நம்பிக் கூட்டத்தைச் சுத்தப்படுத்தப் பத்து ஆண்டு உழைத்தேன், இன்னும் வருகிறது என்று புலம்புகிறவர் மீது குற்றமில்லை. குற்றம் கருவியின் மீது.

கண் செய்யும் எதிர்ப்பிழையும் உண்டு: முழுத் தூய்மையான பறவையைக் கலப்பு என்று சொல்லிவிடுவது. நீல அண்டலூசியன் ஒன்றோடு இன்னொரு நீல அண்டலூசியனைச் சேர்த்தால் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி நீலமாகவும், கால்பங்கு கறுப்பாகவும், கால்பங்கு வெளிர்நிறத்தில் கறைபடிந்தாற்போலவும் வரும். நீலம் என்பதே கறுப்பு மரபணு ஒன்றும் மாற்று மரபணு ஒன்றும் சேர்ந்த கலவைத் தோற்றம் என்பதால், எத்தனை நூறு ஆண்டு தூய்மையாக வளர்த்தாலும் அது நீலத்தை மட்டுமே தராது. ஜப்பானியக் குள்ளக்கோழியின் குட்டைக் காலும் இப்படித்தான். குட்டைக்கால் மரபணுவை இரட்டையாகப் பெற்ற கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும், பிழைத்துப் பொரிப்பவற்றில் மூன்றில் ஒன்று நீண்ட காலோடு இருக்கும். அந்த நீண்ட காலைப் பார்த்து வம்சத்தைச் சந்தேகிப்பவர், தூய்மையின் தவிர்க்க முடியாத விளைவையே கலப்பாகப் படிக்கிறார்.

நிறத்தில் ஒரே ஓர் இடத்தில் கண்ணை நான் முழுமையாக நம்புவேன். அது பால்சார்ந்த பண்புகளில் பெட்டையின் நிலை. கோழிகளில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள், பெட்டைக்கு ஒன்று மட்டுமே. பிளைமவுத் ராக்கின் இறகில் குறுக்கே ஓடும் வரிக்கோட்டுக்கான மரபணு அந்த இசட் குரோமோசோமில் இருப்பதால், பெட்டையிடம் அது இருந்தால் வெளியே தெரியும், தெரியாவிட்டால் இல்லை. ஒளித்து வைக்க அவளிடம் இடமே கிடையாது. சேவலோ ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கலாம். இரண்டு வரிக்கோட்டு மரபணு உள்ள சேவல் வெளிறித் தெரியும், ஒன்று மட்டும் உள்ளது கருத்துத் தெரியும் என்பது பழகிய கண்ணுக்குப் புலப்படும். வரிக்கோட்டுச் சேவலுக்கும் வரிக்கோட்டுப் பெட்டைக்கும் பிறந்த பெட்டைக்குஞ்சு ஒன்று வரியில்லாமல் வளர்ந்தால், பழி முழுவதும் தந்தையுடையது. மகளுக்கு இசட்டைக் கொடுப்பது தந்தை மட்டுமே. இந்த ஒரு விதியை அறியாமல் எத்தனையோ நல்ல தாய்க்கோழிகள் கழிக்கப்பட்டிருக்கின்றன.

இனி ஏட்டுக்கு வருவோம். வம்சாவளிப் பதிவு என்றதும் முத்திரை பதித்த சான்றிதழ் ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்கிறோம். சான்றிதழின் மதிப்பு, அதை எழுதியவர் ஒவ்வொரு முட்டைக்கும் தாயை எப்படி அறிந்தார் என்ற கேள்விக்கு அவர் தரும் விடையின் மதிப்பே. ஒரு சேவலோடு பல பெட்டைகளை விட்டு வளர்த்தவரால் தந்தையை மட்டுமே சொல்ல முடியும். தாயையும் சொல்ல வேண்டுமானால், உள்ளே சென்ற கோழி தானாக வெளியேற முடியாதபடி கதவு விழும் பொறிக்கூடு வைத்திருக்க வேண்டும், அல்லது ஒரு சேவலும் ஒரு பெட்டையுமாகத் தனிக்கூட்டில் விட்டிருக்க வேண்டும். முட்டையின் வடிவத்தையும் சாயலையும் பார்த்தே இன்னாருடையது என்று சொல்லிவிடுவேன் என்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்து கோழிக்குள் அது ஒருவாறு நடக்கும். அதற்கு மேல் நான் நம்பமாட்டேன்.

எழுதும் இடத்திலும் ஒரு நுட்பம் உண்டு. குஞ்சு முட்டையின் அகன்ற முனையில் கொத்தி, வட்டமாக அறுத்துக்கொண்டு வெளிவரும். எனவே எண்ணை அந்த முனையில் எழுதினால் பொரிக்கும் நாளில் அது துண்டுதுண்டாகக் கிடக்கும். குறுகிய முனைக்கு அருகில், பென்சிலால் எழுத வேண்டும். பதினெட்டாம் நாளில் ஒவ்வொரு தாயின் முட்டைகளையும் தனித்தனிக் கூடைக்கு மாற்றி மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் இருபத்தொன்றாம் நாள் காலையில் ஈரம் காயாத குஞ்சுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடக்கும், ஏடு அத்தோடு முடிந்துவிடும். குஞ்சை எடுத்த உடனேயே இறக்கையில் எண்பட்டை போடலாம், அல்லது விரலிடைச் சவ்வில் துளையிடலாம். இரு கால்களிலும் சேர்த்து நான்கு சவ்வுகள் இருப்பதால் 16 வகைக் குறிகள் கிடைக்கும். ஒரு சிறு கூட்டத்துக்கு அது தாராளம்.

நேர்மையான ஏடும் பொய் சொல்லும் என்பதை என் சொந்தப் பிழையிலிருந்தே கற்றேன். கறுப்புப் பெட்டைகளோடு இருந்த வரிக்கோட்டுச் சேவலை எடுத்துவிட்டு, கறுப்புச் சேவல் ஒன்றை விட்டேன். ஐந்து நாள் கழித்து முட்டை சேர்க்கத் தொடங்கி, நோட்டில் தந்தை என்ற கட்டத்தில் புதிய சேவலின் வளைய எண்ணைக் கவனமாக எழுதினேன். பொரித்தவற்றில் சில குஞ்சுகளின் கரிய தலையுச்சியில், விரல் வைத்து அமுக்கியதுபோல வெண்மஞ்சள் பொட்டு இருந்தது. அது வரிக்கோட்டின் அடையாளம். கறுப்புத் தாய்க்கும் கறுப்புத் தந்தைக்கும் அது வர வழியே இல்லை. பெட்டைக்கோழி சேவலின் விந்தணுவைத் தன் கருக்குழாயின் சிறு மடிப்புகளில் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு சேமித்து வைத்திருக்கும். சேவலை மாற்றியபின் குறைந்தது மூன்று வாரம் கழித்தே முட்டை சேர்க்க வேண்டும் என்பதை நான் அவசரத்தில் புறக்கணித்திருந்தேன். பொட்டு மட்டும் இல்லாதிருந்தால், அந்தப் பக்கம் திருத்தப்படாமலே மூன்று தலைமுறைக்கு மேற்கோளாக நின்றிருக்கும். அதன் பிறகு, யாருடைய ஏட்டைப் பார்த்தாலும், சேவல் மாற்றிய தேதியையும் அடுத்த முட்டை சேர்த்த தேதியையும்தான் முதலில் தேடுகிறேன். அந்த இரண்டும் இல்லாத ஏடு எவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்தாலும் அரைகுறையே.

ஏடு சொல்லும் பங்குக் கணக்கையும் அளவறிந்து கொள்ள வேண்டும். வெளியினக் கலப்பு ஒன்று நிகழ்ந்தபின் மீண்டும் மீண்டும் தூய இனத்தோடு சேர்த்தால் தூய பங்கு பாதி, முக்கால், எட்டில் ஏழு, பதினாறில் பதினைந்து, முப்பத்திரண்டில் முப்பத்தொன்று என்று ஏறும். கண்ணுக்கு எட்டில் ஏழிலேயே வித்தியாசம் மறைந்துவிடக்கூடும். ஆனால் இது சராசரிக் கணக்கு. புதிய நிறம் ஒன்றைக் கொண்டுவரத்தான் கலப்பே செய்தார்கள் என்றால், அந்த நிறத்துக்கான மரபணு எத்தனை தலைமுறை ஆனாலும் முழுதாக உடன்வரும், அதையொட்டிய குரோமோசோம் துண்டும் மெல்லக் குறுகியபடி நெடுநாள் கூடவே வரும். இதில் தவறொன்றுமில்லை, மறைக்காமல் எழுதியிருந்தால்.

ஏட்டுக்குக் கண்ணுக்கும் குஞ்சுக்கும் இல்லாத ஒரு பயன் உண்டு, அது உறவுமுறையை அறிவது. தூய்மை தூய்மை என்று கூட்டத்தை இறுக மூடுகிறவர்கள், சில ஆண்டுகளில் கூமுட்டை பெருகுகிறது, குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகிறது என்று வருந்துவதைக் காணலாம். உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் உட்கலப்புக் கெழு, அதாவது நெருங்கிய உறவுக்குள் சேர்த்ததன் அளவு, 25 விழுக்காடு, ஒரே தந்தைக்குப் பிறந்த அரை உடன்பிறப்புகளைச் சேர்த்தால் 12.5 விழுக்காடு. ஒரு சேவலும் பத்துப் பெட்டைகளும் மட்டுமே கொண்ட மூடிய கூட்டத்தில், தலைமுறைக்குச் சுமார் 14 விழுக்காடு உட்கலப்பு கூடுகிறது. சேவலை இரண்டாக்கினாலே அது 7.5 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு பறவைக்கும் ஏடு எழுத நேரமில்லாதவர்கள் மூன்று கூடுகளாகப் பிரித்து, மகள்களைத் தாயின் கூட்டிலேயே வைத்து, மகன்களை மட்டும் ஆண்டுதோறும் அடுத்த கூட்டுக்கு மாற்றலாம். எந்தப் பறவை எந்தக் கூட்டைச் சேர்ந்தது என்ற ஒரே குறிப்பு போதும். என்னைக் கேட்டால், சிறு வளர்ப்பாளருக்கு இதைவிடச் சிக்கனமான ஏடு இல்லை.

குஞ்சுகளைக் கொண்டு தீர்மானிக்கும் சோதனைக் கலப்பு, கண்ணுக்கும் ஏட்டுக்கும் எட்டாத ஒடுங்கு மரபணுவை வெளியே இழுத்துப் போடும். ரோஜாக் கொண்டைச் சேவல் ஒற்றையை ஒளித்து வைத்திருக்கிறதா என்று அறிய, அதை ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளோடு சேர்க்க வேண்டும். ஒளித்திருந்தால் ஒவ்வொரு குஞ்சும் ஒற்றையாக வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஏழு குஞ்சும் ரோஜாவாகவே வந்தால், அது தற்செயல் என்பதற்கு 128-இல் ஒரு வாய்ப்பே எஞ்சும். ஒற்றைக் கொண்டைப் பெட்டை கிடைக்காமல், அதைச் சுமப்பது உறுதியான ரோஜாக் கொண்டைப் பெட்டைகளோடுதான் சேர்க்க முடிகிறது என்றால், ஏறக்குறைய அதே அளவு உறுதி கிடைக்க 16 குஞ்சு வேண்டும். கொண்டையின் வகை பொரித்த அன்றே தெரிவதால் இந்தச் சோதனை ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பொரிக்காமல் இறந்த குஞ்சுகளையும் ஓட்டை உடைத்துப் பார்த்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்; அருவருப்பாக இருக்கிறது என்று அவற்றை விட்டுவிட்டால் கணக்கு பிழையாகும்.

மேற்கண்ட சோதனை ஒரே ஒரு மரபணுவுக்கானது. எது ஒளிந்திருக்கிறது என்றே தெரியாதபோது, சேவலை அதன் சொந்த மகள்களோடு சேர்ப்பதுதான் பரந்த வலை. தாய்மார்கள் அம்மரபணுவைச் சுமக்காதவை என்று கொண்டால், மகள்களில் பாதி அதைச் சுமக்கும், அவற்றின் குஞ்சுகளில் நான்கில் ஒன்று காட்டும். ஆகவே ஒரு மகளிடமிருந்து ஒரு குஞ்சு என்ற கணக்கில் 99 விழுக்காடு உறுதிக்கு 35 குஞ்சு வேண்டியிருக்கும். ஓராண்டுக்கு மேலாகும், இடமும் தீவனமும் செல்லும், பிறந்த குஞ்சுகள் கடுமையான உட்கலப்பு உடையவை என்பதால் இனப்பெருக்கத்துக்கும் பயன்படா. ஒரு வம்சத்தின் தூணாக நிற்கப்போகும் சேவலுக்கு இது தகும். ஆண்டுக்கொருமுறை மாற்றும் சேவலுக்கு இது வீண்.

பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் பண்புகளில் இந்த ஏழு, பதினாறு கணக்கெல்லாம் எடுபடாது. மரான் முட்டையின் அடர்பழுப்பு அப்படிப்பட்டது. அதைச் சேவலிடம் கண்ணால் காண முடியாது, ஒற்றை மரபணுச் சோதனையாலும் பிடிக்க முடியாது. மகள்கள் இட்ட முட்டைகளை வரிசையாக வைத்துப் பார்ப்பதே வழி. அதிலும், முட்டையிடத் தொடங்கும் காலத்தில் வரும் முட்டைகளே மிக அடர்ந்திருக்கும், போகப்போக நிறம் வெளிறும். விற்பவர் காட்டும் படம் முதல் வாரத்து முட்டையா, நாற்பதாவது முட்டையா என்று கேட்டால் பல பேச்சுகள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

ஆய்வகத்தின் வலிமை துல்லியம், அதன் வரம்பும் அதுவே. கோழியின் மரபுத்தொகுதி 2004-இல் படிக்கப்பட்டது. 39 இணைக் குரோமோசோம்களில் எந்தப் பண்பு எங்கே என்பது பலவற்றுக்கு இன்று தெரியும். பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு இருப்பதால் தாளில் ஒற்றிய ஒரு துளி இரத்தமே சோதனைக்குப் போதும். நீல முட்டைக்கான மாற்றம் பழைய வைரஸ் துண்டு ஒன்று மரபணுவின் அருகே செருகிக்கொண்டதால் வந்தது என்று 2013-இல் கண்டறியப்பட்டபின், முட்டையே இடாத சேவலிடமும் அது ஒற்றையாக உள்ளதா இரட்டையாக உள்ளதா என்று நேரடியாகக் கேட்க முடிகிறது. இதே விடையைச் சோதனைக் கலப்பால் பெற வேண்டுமானால், மகள்கள் பொரித்து, ஐந்தாறு மாதம் வளர்ந்து, முட்டையிடும் வரை காத்திருக்க வேண்டும். இங்கே ஆய்வகம் போட்டியின்றி வெல்கிறது. தந்தை இவன்தானா என்று சரிபார்ப்பதிலும் அப்படியே. என் வரிக்கோட்டுக் குழப்பம் கறுப்புக்குக் கறுப்பாக நிகழ்ந்திருந்தால் அதைத் தீர்க்க வேறு வழி இருந்திராது.

ஆனால் இந்தச் சேவல் தூய இனமா என்ற கேள்வியோடு இரத்தத்தை அனுப்புகிறவர், விடை எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இனம் என்பதற்கென்று தனி மரபணு ஏதுமில்லை. குரோமோசோம்களில் பல இடங்களைப் படித்து, முன்பே சேகரித்து வைத்த இனக்கூட்டங்களோடு ஒப்பிட்டு, எதற்கு அருகில் இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். கோழி இனங்களின் மரபு வேறுபாட்டை அளக்க ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பரிந்துரைத்த தொகுப்பில் 30 குறியிடங்கள் உள்ளன. ஆய்வாளர்களிடம் ஆறு லட்சம் இடங்களைப் படிக்கும் சில்லுகளும் உள்ளன. எத்தனை இடம் படித்தாலும், ஒப்பிடும் தொகுப்பில் நம் இனத்தின் கூட்டமே இல்லையென்றால், இருப்பவற்றுள் அருகிலுள்ள வேறொன்றின் பெயர் விடையாக வரும். அரிய இனங்களை வளர்ப்பவர்களுக்குத்தான் இச்சோதனை மிகத் தேவை, அவர்களுக்குத்தான் இது மிகக் குறைவாக உதவுகிறது. தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா சோதனையைக் கொண்டு வம்சப் பெருமை பேசுவதும் இதே வகை மயக்கம். எட்டுக் கொள்ளுப்பாட்டன் பாட்டிகளில் அது ஒரே ஒருத்தியைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

இப்போது முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். ரோஜாக் கொண்டை இனம் ஒன்றில் மூன்று சேவல்கள் கிடைக்கின்றன என்று கொள்வோம். முதலாவது அப்பழுக்கில்லாத தோற்றம் உடையது, மூலம் தெரியாது. இரண்டாவது மார்பு சற்று ஒடுங்கியது, காது மடலில் மிளகளவு வெண்மை. ஆனால் மூன்று தலைமுறைக்குத் தேதியோடு ஏடு உண்டு, உடன்பிறந்த 24 குஞ்சுகளில் எத்தனை கழிந்தன, ஏன் கழிந்தன என்றும் எழுதியிருக்கிறது. மூன்றாவதற்கு ரோஜா மரபணு இரட்டை என்ற ஆய்வக அறிக்கை இருக்கிறது, வேறொன்றும் இல்லை. காட்சிக்கு வைக்க ஒரு பறவை வேண்டுமென்றால் முதலாவதை எடுக்கலாம். ஒற்றைக் கொண்டையை ஒழிப்பது மட்டுமே நோக்கமென்றால் மூன்றாவது பொருந்தும். அப்போதும் கருத்தரிப்புக் குறையலாம் என்று அறிந்து பெட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்து வைக்க வேண்டும். கூட்டத்தைத் தொடர்ந்து நடத்த வேண்டியவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். காது மடலின் வெண்மையை எந்தப் பெட்டைகளைக் கொண்டு திருத்தலாம் என்று அந்த ஏடே காட்டும். முதலாவதில் எதைத் திருத்த வேண்டும் என்பதே மூன்றாம் ஆண்டில்தான் தெரியவரும்.

முதலாவதையும் விட மனமில்லாதவர்கள், அதைத் தனிக்கூட்டில் இரண்டு ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளோடு விட்டு, மூன்று வாரம் கழித்து ஒரு டஜன் முட்டையை அடை வைக்கட்டும். அதுவரை அதன் வளைய எண்ணுக்கு எதிரே, தாய் தந்தை என்ற இரண்டு கட்டங்களையும் வெறுமையாகவே விட்டு வைக்க வேண்டும். விற்றவர் வாய்மொழியாகச் சொன்னதைப் பென்சிலால்கூட அங்கே எழுதக் கூடாது.